சுவரில் ஒட்டிய எச்சரிக்கையும் கப்பிக்கு இட்ட கூண்டும்

ஆரணியில் அரிசி ஆலைகள் உள்ள பக்கம் போய்வரும் எவரும் அந்தச் சிறு தகட்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு மண்டையோடு, குறுக்காக இரண்டு எலும்புகள், அருகே ‘அபாயம்’ என்னும் ஒரு சொல். மின்மாற்றியின் வேலியிலும், ஆலையின் மோட்டார் அறைக் கதவிலும், வயல் நடுவே உள்ள பம்புசெட்டுக் கொட்டகையிலும் அத்தகடு தொங்குகிறது. எழுத்தறியாத பாட்டியும் அதைப் பார்த்துப் பேரப்பிள்ளையின் கையைப் பற்றி இழுத்துக்கொள்கிறாள். நம் நாட்டில் மிகப் பலர் கண்ட எச்சரிக்கைப் படம் எது என்று கேட்டால், தயங்காமல் இதனையே காட்டலாம்.

இத்தகடு யாரோ ஒருவர் விருப்பத்தால் வந்ததன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 35ஆம் விதி, இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அந்தந்த மாவட்டத்தின் மொழியிலும் எழுதி, மண்டையோட்டுக் குறியுடன் அபாய அறிவிப்பை வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. அவ்விதிகள் பின்னர் மாறின, அறிவிப்பு மாறவில்லை. அதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு நேர்மை உண்டு. ‘நீ கவனக்குறைவானவன்’ என்று அத்தகடு யாரையும் கடிந்துகொள்வதில்லை. அபாயம் மின்கம்பியில் இருக்கிறது என்ற உண்மையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அன்றியும், அது தனியே நிற்பதில்லை. தகட்டுக்குப் பின்னால் வேலி இருக்கிறது. வேலிக் கதவில் பூட்டு இருக்கிறது.

தொழிற்சாலைச் சுவர்களில் ஒட்டப்பட்டு வந்த பழைய பாதுகாப்புப் படங்கள் பலவற்றில் இந்த நேர்மை குறைவு என்பதையும், அவற்றிலிருந்து நம் நெசவாளரும் விவசாயிகளும் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்பதையும் இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம். பழைய படங்களைப் பற்றிப் பேச இப்போது என்ன அவசரம் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். காரணம் நம் தெருவிலேயே இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

பாதுகாப்புப் படங்கள் பிறந்த கதை சிறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எஃகு ஆலைகளிலும் இரயில் பாதைகளிலும் மாண்டவர்களும் ஊனமுற்றவர்களும் பெருகவே, ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற முழக்கம் அங்கே எழுந்தது. 1913இல் அந்நாட்டின் தேசியப் பாதுகாப்புக் குழு தோன்றியது. 1916இல் இலண்டனில் அதே நோக்கத்தோடு தொடங்கிய கழகமே பிற்காலத்தில் விபத்துத் தடுப்புக்கான அரச சங்கமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, இயந்திர சாலையை முன்பின் கண்டறியாத ஆண்களும் பெண்களும் திடீரென்று தளவாட ஆலைகளில் சேர்ந்தனர். அவர்களுக்காக அச்சங்கம் டாம் எக்கர்ஸ்லி போன்ற தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான படங்களை வரைவித்தது. சில வண்ணங்கள், ஒரு கை, ஒரு கண், நான்கு சொற்கள், அவ்வளவுதான். இன்று அவை கலைப்பொருளாகப் பாதுகாக்கப்படுகின்றன.

நம் நாட்டில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1966 மார்ச் 4ஆம் நாள் தேசியப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 1972 முதல் அந்நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நூற்பாலைகளின் வாயிலில் பதாகை கட்டுவதும், தொழிலாளர் சட்டையில் சிறு சின்னம் குத்துவதும், உறுதிமொழி எடுப்பதும், படங்கள் ஒட்டுவதும் அதிலிருந்து வந்த வழக்கங்களே. ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், தளர்ந்த வேட்டி பெல்ட்டில் சிக்கும் படத்தையும், விரல் இழந்த கையின் படத்தையும், கண்ணாடி அணியாத தொழிலாளியின் கண்ணுக்குள் பொறி பாயும் படத்தையும் இன்றும் நினைவிலிருந்து விவரிப்பார்கள்.

இப்படங்களை நாம் இகழவில்லை. அவை வருவதற்கு முன் இருந்த நிலை இன்னும் மோசமானது. இயந்திரத்தில் கை போனால் ‘அவன் தலையெழுத்து’ என்றனர் உறவினர். ‘வேலையில் அது சகஜம்’ என்றார் முதலாளி. இயந்திரத்துக்கு வேலியிட வேண்டும் என்று 1844இல் இங்கிலாந்து சட்டம் செய்தபோது ஆலை முதலாளிகள் அதை எளிதில் ஏற்கவில்லை. அதை எதிர்ப்பதற்கென்றே 1855இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். அப்படிப்பட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால், விபத்து விதியால் வருவதன்று, தடுக்கத்தக்கது என்று சுவரில் எழுதி வைத்ததே ஒரு பெரிய மனமாற்றம் என்பது விளங்கும். அந்த மாற்றத்துக்குப் பாதுகாப்புப் படங்கள் செய்த தொண்டு சிறியதன்று.

ஆயினும் அவற்றில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலான படங்கள் தொழிலாளியைப் பார்த்தே பேசின. கவனமாயிரு, பேசாதே, அவசரப்படாதே, கனவு காணாதே என்றன. இயந்திரத்தின் உரிமையாளரைப் பார்த்து, ‘இந்தப் பல்சக்கரத்துக்கு ஏன் மூடி போடவில்லை?’ என்று கேட்ட படங்கள் மிக அரியன. படத்தை அச்சிடப் பணம் தந்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

இந்த மனப்பான்மைக்கு ஓர் ஏட்டுச் சான்றும் கிடைத்தது. 1931இல் அமெரிக்கக் காப்பீட்டு அலுவலர் ஹைன்ரிக் என்பவர் தொழில் விபத்துத் தடுப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விபத்துகளில் நூற்றுக்கு 88 மனிதர் செய்யும் பாதுகாப்பற்ற செயலால் வருவன, 10 இயந்திரத்தின் அல்லது இடத்தின் குறையால் வருவன, 2 தடுக்க முடியாதவை என்று அவர் கணக்கிட்டார். அக்கணக்கு உலகமெங்கும் பரவியது. பல ஆண்டுகள் வேதவாக்குப் போல ஓதப்பட்டது. அவர் பார்த்த அறிக்கைகளைப் பெரும்பாலும் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்களும் காப்பீட்டுக்காரர்களுமே என்பதைப் பிற்காலத்தவர் சுட்டிக்காட்டினர். அடிபட்டவரைத் தவிர மற்றவர்கள் எழுதிய கதையில் அடிபட்டவரே குற்றவாளியாவது உலக இயல்பு.

சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் உழைப்பாளர்க்குப் பேருதவி செய்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால், பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக விதித்த கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ, காப்புச் சாதனத்தை வேண்டுமென்றே நீக்கியதாலோ காயம் நேர்ந்தால், உயிர் போனாலன்றி நஷ்டஈடு இல்லை என்று அதன் 3ஆம் பிரிவு முதலில் கூறியது. 1995இல் செய்த திருத்தம் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த விலக்கை விரித்தது. ஆக, சுவரில் ஒட்டிய எச்சரிக்கை உழைப்பவனைக் காப்பதற்கு மட்டுமன்றி, அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்வதற்கும் பயன்படக்கூடியதாயிற்று.

உண்மையில் விபத்தைக் குறைத்தது எது? நெசவுத் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் தருவோம். இலங்காஷயர் விசைத்தறிகளில் நாடாவுக்குப் புதுத் தார் இட்டதும், நெசவாளர் நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுப்பது வழக்கம். ‘நாடாவை முத்தமிடுதல்’ என்று அதற்குப் பெயர். ஒரே நாடாவைப் பலர் வாயில் வைத்ததால் நோய் பரவும் என்ற அச்சம் எழுந்தது. பஞ்சுத் தூசும் எண்ணெயும் வாய்க்குள் போயின, பற்கள் கெட்டன. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள்; பழக்கம் நிற்கவில்லை. வாயால் உறிஞ்சினால் ஒரு நொடி, வேறு வழியென்றால் பல நொடி. கூலியோ நெய்த அளவுக்கு. கையாலேயே நூல் கோக்கத்தக்க நாடா வந்து, பழையதைச் சட்டம் தடுத்தபோதுதான் அது ஒழிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இலும், இங்கிலாந்து 1952இலும் சட்டம் செய்தன. நம் பக்கத் தறிகளிலும் இப்பழக்கத்தைக் கண்டவர்கள் உண்டு. அவர்களுக்கு இது புரியும்.

விவசாயிகளுக்கும் இதே பாடம் உண்டு. 1970களில் வடமாநிலங்களில் கோதுமை விளைச்சல் பெருகியதோடு, விசையால் இயங்கும் கதிரடிக்கும் இயந்திரங்களும் பெருகின. கதிரைத் தள்ளிய கைகள் உருளைக்குள் இழுக்கப்பட்டன. கை இழந்த உழவர்களும் கூலியாட்களும் ஊர்தோறும் காணப்பட்டனர். தூக்கக் கலக்கம், கவனமின்மை என்றெல்லாம் முதலில் பேசினார்கள். பிறகு இயந்திரத்தின் ஊட்டுவாயையே மாற்றினார்கள். கை உருளையை எட்டாதபடி 90 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும், மேலே மூடியும் உள்ள ஊட்டுவாயை இந்தியத் தர நிர்ணயம் வகுத்தது. 1983இல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்பவரையும் விற்பவரையும் பொறுப்பாளிகள் ஆக்கியது. கலக்கத்தில் இருப்பவனுக்கும் கை மிஞ்சவேண்டும் என்பதே அந்த நீண்ட ஊட்டுவாயின் கருத்து. எந்த மனிதனும் பன்னிரண்டு மணி நேரமும் கவனமாக இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே நல்ல இயந்திரம் பிறக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் முதலிய ஊர்களில் வீடே தொழிற்சாலை. கூடத்தில் குழித்தறி, அதன் மேலே ஜக்கார்டு பெட்டி, மூலையில் தார் சுற்றும் இராட்டை, அதனருகே அடுப்பங்கரை, இடையில் தவழும் குழந்தை. கைத்தறிக்கும் துன்பங்கள் உண்டு. குழியின் ஈரம் முழங்காலைப் பிடிக்கிறது. மங்கிய வெளிச்சம் கண்ணைத் தின்கிறது. குனிந்த முதுகு நிமிர மறுக்கிறது. ஆனால் அவை மெல்ல வரும் துன்பங்கள். கைத்தறியில் ஒரு பெரும் பாதுகாப்பு இயல்பாகவே அமைந்திருந்தது: மிதிக்கும் கால் நின்றால் தறி நிற்கும். மனிதன் திடுக்கிட்டால் இயந்திரமும் திடுக்கிட்டது.

மோட்டார் அப்படியன்று. மனிதன் அலறினாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று தார் சுற்ற மோட்டார், பட்டு முறுக்க மோட்டார், ஜக்கார்டைத் தூக்க மோட்டார் என்று வீட்டுக்குள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. சிலர் விசைத்தறியே வைத்துள்ளனர். இவற்றைக் குறைகூற நாம் வரவில்லை. ஜக்கார்டின் பாரத்தை நாள் முழுதும் காலால் மிதித்துத் தூக்கி இடுப்பு ஒடிந்தவர்களுக்கு மோட்டார் வரப்பிரசாதமே. தமிழக அரசும் 2023 முதல் இரண்டு மாதத்திற்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் மின்சாரத்தை இலவசமாக அளிக்கிறது. மின்சாரம் வீட்டுக்குள் வந்தது நன்று. அதன் பின்னால் வந்திருக்க வேண்டிய வேலி வரவில்லை என்பதே நம் கவலை.

சென்ற ஆண்டு நமக்கு நன்கு அறிமுகமான ஒரு நெசவுக் குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். கணவர் குழித்தறியில் இருந்தார். மனைவி சுவரோரம் மோட்டாரில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நூல் அறுந்தது. ஓடுகிற இயந்திரத்திலேயே நூலைப் பிடிக்கக் குனிந்தபோது சேலை முந்தானை பெல்ட்டில் சிக்கியது. அதை விடுவிக்கப் போன வலக்கையின் ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் கப்பிக்கும் பெல்ட்டுக்கும் இடையே நசுங்கின. மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு எங்கே இருந்தது தெரியுமா? வாசற்படியருகே, மின்விசிறியின் சுவிட்சுக்குப் பக்கத்தில். கணவர் குழியிலிருந்து ஏறி, கூடத்தைக் கடந்து, அதை அணைக்க ஆன நேரத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் பெல்ட்டு செய்துவிட்டது.

அவ்வீட்டுக்குச் சென்று விசாரித்தபோது, வந்திருந்த அயலார் அனைவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: “கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.” அந்த அம்மையாரும் தலைகுனிந்து, “என் தப்புதான் ஐயா, நிறுத்திப் போட்டால் நேரமாகுமே என்று பார்த்தேன்” என்றார். சுவரில் எந்தப் படமும் இல்லாத வீடு அது. ஆயினும் பழைய படங்கள் சொன்ன பாடத்தை எல்லாரும் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். அந்தக் கப்பிக்கு ஒரு கம்பிக்கூண்டு இருந்திருந்தால் முந்தானை சிக்கியிராது என்று ஒருவரும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், அன்று நாமும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து யோசித்தபோதுதான் அது நமக்கே தோன்றியது. ஆகவே இக்கட்டுரையில் பிறர்க்குச் சொல்லும் அறிவுரையில் பாதி நமக்கும் உரியது.

ஆள்காட்டி விரலின் இரண்டு கணுக்களுக்கு என்ன மதிப்பு? 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை உழைப்புத் திறனில் நூற்றுக்கு 11 பங்கு இழப்பு என்று கணக்கிட்டது. முழு ஆள்காட்டி விரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30. சுமை தூக்குபவருக்கும் எழுத்தருக்கும் பொதுவான கணக்கு இது. அறுந்த பட்டிழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முறுக்கிப் பிணைப்பவருக்கு அந்த 11 என்பது என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்தால்தானே? சொந்த வீட்டில், சொந்த மோட்டாரில், கணவருக்காகத் தார் சுற்றியவருக்கு யார் நஷ்டஈடு தருவார்? ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் உள்ள பிரதமரின் விபத்துக் காப்பீடு ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 இலட்சம் தருகிறது, விரலுக்குத் தருவதில்லை.

தொழிற்சாலைச் சட்டம் இங்கே ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். 1881இல் வந்த முதற்சட்டம் 100 பேர் வேலை செய்யும் ஆலைகளையே கவனித்தது. 1891இல் அது 50 ஆயிற்று, 1922இல் 20, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், விசை பயன்படுத்தும் இடமானால் 10. சட்டத்தின் வலைக்கண் இவ்வாறு சிறிதாகிக்கொண்டே வந்தது. அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இயந்திரத்தின் அபாயமான பாகங்களுக்கு வேலியிடச் சொன்னது. 22ஆம் பிரிவு ஓடும் இயந்திரத்தின் அருகே பயிற்சி பெற்றவர் மட்டும், உடலை ஒட்டிய உடையுடன், வேலை செய்யலாம் என்றது. 24ஆம் பிரிவு ஒவ்வொரு வேலை அறையிலும் அவசரத்தில் விசையை நிறுத்தும் சாதனம் வேண்டும் என்றது. மேற்சொன்ன வீட்டில் இம்மூன்றில் ஒன்றேனும் இருந்திருந்தால் அந்த விரல் மிஞ்சியிருக்கும். ஆனால் இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டை அச்சட்டம் தொழிற்சாலையாகக் கருதியதில்லை. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் தொழிற்சாலைக்குரிய எண்ணிக்கை விசையுள்ள இடத்தில் 20 என்றும், விசையில்லாத இடத்தில் 40 என்றும் உயர்ந்திருக்கிறது. நூற்று நாற்பது ஆண்டுகளாகச் சிறிதாகி வந்த வலைக்கண் மறுபடி பெரிதாயிற்று. இது தவறான திசை என்பது நமது உறுதியான அபிப்பிராயம். ஆனால் அது 10 ஆகவே இருந்திருந்தாலும் நம் வீடுகள் அதற்குள் வந்திருக்கமாட்டா.

ஆதலால், ஆய்வாளர் வந்து செய்யவேண்டிய வேலையை நம் வீடுகளில் கூட்டுறவுச் சங்கம்தான் செய்யவேண்டியிருக்கிறது. நூல் கொடுக்கவும், சேலையை வாங்கவும், கூலி கொடுக்கவும், கடன் அளிக்கவும் ஒவ்வொரு அங்கத்தினரின் வாசலுக்கும் போய்வருவது சங்கமே.

இதற்கு வரும் ஆட்சேபங்களையும் அறிவோம். முதலாவது, செலவு. ஒரு கப்பியையும் பெல்ட்டையும் மூடும் கம்பிக்கூண்டு நம் ஊர்ப் பட்டறையில் அரைநாள் வேலை. மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு பங்கு. இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: கூண்டு போட்டுக் கொடுத்தாலும் நெசவாளரே அதைக் கழற்றி வைத்துவிடுகிறார் என்பது. உண்மைதான். ஏன் கழற்றுகிறார்? நூல் அறும்போதெல்லாம் நான்கு திருகாணிகளைத் திருக வேண்டியிருந்தால் யாரும் கழற்றத்தான் செய்வர். கீல் வைத்து, ஒரு விரலால் திறக்கும்படி செய்து, திறந்ததும் மோட்டார் தானே நிற்கும்படி ஒரு சுவிட்சும் அமைத்தால் கழற்ற வேண்டிய காரணமே எழாது. கழற்றியவரைத் திட்டும் முன், கூண்டைச் செய்தவர் அந்த இராட்டையின் முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாரா என்று கேட்கவேண்டும்.

மூன்றாவதாக, ‘எங்கள் பாட்டன் காலத்திலிருந்து ஒன்றும் நேரவில்லையே’ என்பார் சிலர். பாட்டன் காலத்தில் இராட்டையைச் சுற்றியது பாட்டியின் கை. அதற்குக் கூண்டு தேவைப்படவில்லை.

எனவே நம் பகுதிச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் முன் சில யோசனைகளை வைக்கிறோம். மோட்டாருக்கோ விசைக்கருவிக்கோ சங்கத்தின் வழியாகக் கடன் பெறும் ஒவ்வொருவருக்கும், கூண்டும் கையெட்டும் தூரத்தில் நிறுத்து சுவிட்சும் பொருத்திய பின்னரே கடைசித் தவணைத் தொகையைக் கொடுக்கவேண்டும்; அவற்றின் செலவைக் கடனோடு சேர்த்தே அளிக்கவேண்டும். குழித்தறியில் இருப்பவர் எழாமலே நிறுத்தும்படி இரண்டாவது சுவிட்சு ஒன்று குழியருகே இருக்கவேண்டும். ஈரமான குழியும் மின்கம்பியும் ஒரே கூடத்தில் இருப்பதால், முறையான நில இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் எல்லா வீட்டிலும் கட்டாயம் வேண்டும். மோட்டார் உள்ள மூலைக்கும் குழந்தை தவழும் இடத்துக்கும் நடுவே முழங்கால் உயரமாவது ஒரு தட்டி வேண்டும். விவசாய அங்கத்தினர்கள் கதிரடிக்கும் இயந்திரத்தையோ டிராக்டரையோ வாடகைக்கு எடுக்கும்போது, ஊட்டுவாயும் சுழலும் தண்டின் மூடியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வாடகை பேசவேண்டும். மூடியில்லாத இயந்திரத்தைக் களத்துக்குள் விடலாகாது.

எல்லாவற்றினும் எளியதும் முக்கியமானதும் ஒன்று உண்டு. சங்க அலுவலகத்தில் ஒரு விபத்துப் பதிவேடு தொடங்கவேண்டும். யார்மீது தவறு என்று அதில் எழுதக்கூடாது. எந்த இயந்திரம், எந்தப் பாகம், எத்தனை மணிக்கு, சுவிட்சு எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் எழுதவேண்டும். நகம் பெயர்ந்ததையும் எழுதலாம். ஒன்றும் நேராமல் தப்பியதையும் எழுதலாம். ஓராண்டுக்குப் பின் அந்த ஏட்டைப் பொதுப் பேரவையில் படித்தால், நம் ஊரில் எந்தக் கப்பி அதிக விரல் கேட்கிறது என்பது வெளிப்படும். நம் வீட்டு விபத்துகளை எண்ணுவார் இல்லாததனாலேயே, அவை நடப்பதே இல்லை என்று வெளியில் உள்ளவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் படங்களே வேண்டாமா என்றால், வேண்டும் என்பதே நம் விடை. நம் சங்கங்களில் கோட்டுத்தாளில் அன்னமும் மயிலும் வரைகின்ற டிசைன் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களையே ஒரு படம் வரையச் சொல்லலாம். வெட்டுண்ட விரலும் இரத்தமும் அதில் வேண்டாம். அஞ்சியவர் சில நாளில் பழகிவிடுகிறார். கூண்டு இட்ட கப்பி ஒன்று, அதன் பக்கத்தில் சுவிட்சின் மேல் ஒரு கை. ‘முதலில் மோட்டாரை நிறுத்து, பிறகு நூலைத் தொடு’ என்று கீழே ஒரு வரி. செய்ய வேண்டியதைச் செய்யத்தக்க வகையில் காட்டும் படம் பயன் தரும். கூண்டில்லாத வீட்டில் அதை ஒட்டக்கூடாது என்பது மட்டும் நம் நிபந்தனை. கூண்டு பொருத்திய நாளில் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிவிட்டு வரட்டும்.

பழைய படங்கள் யார் வீட்டுப் பரணிலேனும் இருந்தால் எறிந்துவிட வேண்டாம், சங்கத்துக்குக் கொடுங்கள். சட்டமிட்டு மாட்டி வைப்போம். உழைப்பவரின் உயிருக்கு மதிப்புண்டு என்று உலகம் கற்றுக்கொள்ளத் தொடங்கிய காலத்தின் சின்னங்கள் அவை. நாம் கற்கவேண்டிய மீதிப் பாடம் மின்மாற்றியின் வேலியில் தொங்குகிறது. அங்கே தகடும் இருக்கிறது. தகட்டுக்குப் பின்னால் வேலியும் இருக்கிறது.

விரல் இழந்த அந்த அம்மையார் இப்போது இடக்கையால் தார் சுற்றப் பழகிவருகிறார். சென்ற வாரம் அவ்வீட்டுக்குச் சென்றபோது பெல்ட்டுக்கு ஒரு கூண்டு பொருத்தியிருந்தது; சுவிட்சும் இராட்டையின் அருகே வந்திருந்தது. அந்தத் தெருவில் மோட்டார் உள்ள மற்ற வீடுகளுக்கும் சென்று பார்த்தோம். ஒன்றிலும் கூண்டு இல்லை. அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்துக்கு முன் அவற்றுக்கும் கூண்டு பொருத்துவதை நம் சங்கத்தார் தம் முதல் வேலையாகக் கொள்வார்களாக.